பால்மரம் வந்த பாதை



பால்மரத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோழி கூவும் முன் எழுந்து, பெரட்டுக்குப் போய், உளியைத் தீட்டி, நிரையில் மரத்துக்கு மரம் ஓடியவர்கள் நீங்கள். நீங்கள் வெட்டாவிட்டால் உங்கள் தாயோ, தாத்தாவோ, பாட்டியோ வெட்டியிருப்பார்கள். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. ஆனாலும் நம் குடும்பங்களை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தது பெரும்பாலும் பால்மரம்தான்.

அந்த மரம் எந்த ஊரைச் சேர்ந்தது? யார் அதைக் கொண்டுவந்தார்கள்? விடியற்காலையில்தான் வெட்ட வேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தது யார்? அதைவிடப் பெரிய வியப்பு ஒன்றும் உண்டு. இங்கே காடு காடாக வளரும் இந்த மரத்தை அதன் பிறந்த மண்ணில் தோட்டமாக வளர்க்க முடியவில்லை. உலகத்தின் பெரும் பணக்காரர் ஒருவரே முயன்று தோற்றுப் போனார். ஏன்?

கேளுங்கள் அந்தக் கதையை.

அழுகிற மரம்

பால்மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே அமேசான் என்னும் மாபெரும் ஆறு பாயும் காட்டில் அது தானாக முளைத்து வளர்ந்தது. அங்குள்ள பூர்வகுடி மக்கள் அதை ‘அழுகிற மரம்’ என்ற பொருள்பட அழைத்தார்கள் என்று சொல்வதுண்டு. பட்டையைக் கீறினால் வெள்ளைக் கண்ணீர் வடிகிறதல்லவா! பொருத்தமான பெயர்தான்.

நடு அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் வேறு வகை ரப்பர் மரம் ஒன்று உண்டு. அதன் பாலை 3,500 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் பயன்படுத்தினார்கள். காட்டுக்கொடி ஒன்றின் சாற்றைப் பாலில் கலந்து, துள்ளும் பந்து செய்தார்கள். அந்தப் பந்துகள் சதுப்பு நிலத்தில் புதைந்து கெடாமல் கிடந்து, நம் காலத்தில் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. அஸ்டெக் பேரரசின் தலைநகருக்கு ஆண்டுதோறும் 16,000 ரப்பர்ப் பந்துகள் கப்பமாக வந்தனவாம். அந்நாட்டுப் பழைய கணக்குச் சுவடியே இதற்குச் சாட்சி.

ஐரோப்பியர் அப்போது துள்ளும் பந்தைக் கண்டதில்லை. 1528ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசவைக்கு மெக்சிகோவிலிருந்து பந்தாட்டக்காரர்கள் அழைத்து வரப்பட்டார்கள். தரையில் மோதிய பந்து மேலே எழும்பியதைக் கண்டு அங்கிருந்தவர்கள் வாய் பிளந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு 200 ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1735ஆம் ஆண்டில் பூமியின் வடிவத்தை அளப்பதற்காக லா கொண்டமின் என்ற பிரெஞ்சு அறிஞர் தென் அமெரிக்காவுக்குப் போனார். அடுத்த ஆண்டே இந்தப் பாலின் மாதிரியைப் பாரிசுக்கு அனுப்பினார். பூமியை அளக்கப் போனவர் அனுப்பிய அந்தக் கறுத்த உருண்டைதான் ஐரோப்பிய விஞ்ஞானிகளின் கண்ணைத் திறந்தது.

மூன்று ஷில்லிங் அழிப்பான்

ரப்பரை ஆங்கிலேயர் முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள். பென்சில் எழுத்தை அழிக்கத்தான்!

அதுவரை பென்சில் கோட்டை ரொட்டித் துண்டால் தேய்த்து அழித்து வந்தார்கள். 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி, இந்தப் புதுப் பொருள் அந்த வேலையை நன்றாகச் செய்கிறது என்று எழுதிவைத்தார். அரை அங்குலக் கட்டி ஒன்றின் விலை மூன்று ஷில்லிங். அந்தக் காலத்தில் அது கூலிக்காரர் ஒருவரின் ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல்! தேய்த்து அழிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லிலிருந்துதான் ‘ரப்பர்’ என்ற பெயரே வந்தது.

பிறகு 1823ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மக்கின்டாஷ் என்பவர் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டு செய்தார். ஆனால் ஒரு தொல்லை. வெயிலில் அது பசையாக ஒட்டிக்கொண்டது. குளிரில் விறைத்து வெடித்தது. நாற்றம் வேறு!

கடனாளி கண்ட வழி

இந்தத் தொல்லையைத் தீர்ப்பேன் என்று அமெரிக்காவில் ஒருவர் கிளம்பினார். அவர் பெயர் சார்லஸ் குட்இயர். படித்த விஞ்ஞானி அல்லர். கடை நொடித்துப் போனவர். கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் பலமுறை சிறைக்குப் போனார். சிறைக்குள்ளும் ரப்பரைப் பிசைந்து கொண்டிருந்தார். வீட்டில் அடுப்பெரிக்க வழியில்லாத நாட்களில் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைக்கூட விற்றார் என்பார்கள்.

1839ஆம் ஆண்டில் கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின்மேல் பட்டுவிட்டது. உருகி ஓட வேண்டியது உருகவில்லை. தோல்போலக் கெட்டியாகி, வளைத்தால் வளைந்தது. ரப்பருக்கு வேண்டிய மருந்து கந்தகமும் சூடும்தான் என்று குட்இயர் கண்டுகொண்டார். இன்று உலகத்தில் ஓடும் ஒவ்வொரு டயரிலும் அந்த மருந்து இருக்கிறது.

அவருக்கு அதனால் என்ன கிடைத்தது? 1860ஆம் ஆண்டில் இறந்தபோது ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடன் வைத்துவிட்டுப் போனார். அவர் பெயரில் உள்ள டயர்க் கம்பெனி 1898ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. அவருக்கு மரியாதையாகப் பெயரை வைத்தார்களே தவிர, அவர் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1888ஆம் ஆண்டில் அயர்லாந்தில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓடக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். சிறிது காலத்தில் மோட்டார் கார் வந்தது. உலகமே ‘ரப்பர், ரப்பர்’ என்று அலையத் தொடங்கியது.

காட்டிலே ஒரு மாளிகை

அப்போது ரப்பர் கிடைத்த இடம் பெரும்பாலும் பிரேசில் காடு. அங்கே பால்மரங்கள் நம் தோட்டத்தைப்போல வரிசையாக நிற்பதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி நிற்கும். ஒரு தொழிலாளி இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, காட்டுப் பாதையில் மரம் மரமாகத் தேடி நடப்பார். சிறு கோடாரியால் கொத்திப் பால் எடுப்பார். மாலையில் புகைமூட்டத்தின்மேல் ஒரு கட்டையைச் சுழற்றி, அதன்மேல் பாலை ஊற்றி ஊற்றிப் பெரிய உருண்டையாக்குவார். அரிசியும் துப்பாக்கி மருந்தும் முதலாளி கடையில் கடனாக வாங்க வேண்டும். கணக்கும் முதலாளிதான் எழுதுவார். கடன் என்றைக்கும் தீராது!

அந்தப் பணத்தில் காட்டின் நடுவே மனாவ்ஸ் என்ற நகரம் எழுந்தது. மின்விளக்கும் டிராம் வண்டியும் வந்தன. 1896ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அங்கே ஒரு நாடக மாளிகை திறக்கப்பட்டது. பளிங்கும் கண்ணாடி விளக்குகளும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தன. அதன் கோபுரத்துக்கு மட்டும் 36,000 ஓடுகள்!

இந்த ஆடம்பரத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பெரு நாட்டை ஒட்டிய புட்டுமாயோ காட்டில் பூர்வகுடி மக்களைச் சவுக்கால் அடித்தும் பட்டினி போட்டும் ரப்பர் எடுத்தார்கள். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் மக்களின் கைகள் வெட்டப்பட்டன. உலகம் கண்டித்த பிறகு, 1908ஆம் ஆண்டில் அந்நாடு அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டது. ரப்பரின் சரித்திரத்தில் இரத்தக் கறை நிறைய உண்டு, வாசகர்களே.

கூடையில் வந்த 70,000 விதைகள்

சற்றுப் பின்னோக்கிப் போவோம். ரப்பருக்காகப் பிரேசிலை நம்பியிருப்பதை ஆங்கிலேயர் விரும்பவில்லை. தங்கள் குடியேற்ற நாடுகளில் அதை நட விரும்பினார்கள். ஆனால் பால்மர விதை சாதாரண விதையல்ல. அதில் எண்ணெய் இருக்கிறது. உதிர்ந்த சில வாரங்களில் கெட்டுவிடும். நீராவிக் கப்பலில் கடலைக் கடப்பதற்குள் அழுகிப் போகும். முதலில் கொண்டுபோன விதைகளில் பன்னிரண்டே முளைத்தன. இந்தியாவுக்கு அனுப்பிய கன்றுகளும் பட்டுப் போயின.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் இந்த வேலையை முடித்துக் காட்டினார். அமேசானின் கிளையாறான தபஜோஸ் கரையில் வாழ்ந்து, விவசாயத்தில் தோற்றுப் போயிருந்தவர் அவர். அங்குள்ள மக்களின் உதவியோடு காட்டில் ஏறத்தாழ 70,000 விதைகளைப் பொறுக்கினார். நிழலில் உலர்த்தி, காட்டு வாழையின் காய்ந்த இலைகளை இடையிடையே வைத்து, காற்றுப் புகும் கூடைகளில் அடுக்கினார். ‘அமேசோனாஸ்’ என்ற கப்பலில் ஏற்றினார்.

துறைமுகத்தில் அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்ததாகப் பிற்காலத்தில் அவரே கதை சொன்னார். அந்தக் கதையை அவர் ஊதிப் பெரிதாக்கினார் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அப்போது பிரேசிலில் சட்டமே இல்லை. ஆனால் கேட்டு வாங்கியதும் இல்லை. ‘எங்கள் செல்வத்தைத் திருடிப் போனார்கள்’ என்று பிரேசில் மக்கள் இன்றும் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஜூன் மாதத்தில் விதைகள் இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தை அடைந்தன. கண்ணாடி வீட்டுக்குள் உடனே விதைத்தார்கள். 70,000 விதைகளில் முளைத்தவை ஏறத்தாழ 2,700தான். நூற்றுக்கு நான்குகூட இல்லை! அதே ஆண்டில் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின.

விக்காமுக்குப் பேசிய கூலி, ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுன். மொத்தம் 700 பவுன். அந்த விதைகளிலிருந்து பிறந்த செல்வத்தை எண்ணிப் பார்த்தால், இது உப்புக்கும் போதாத கூலி! 1920ஆம் ஆண்டில், தள்ளாத வயதில்தான், அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது.

கோலகங்சாரில் நிற்கும் பாட்டன் மரம்

சிங்கப்பூருக்கு முதலில் அனுப்பிய கன்றுகள் பட்டுப் போயின. 1877ஆம் ஆண்டில் மறுபடியும் 22 கன்றுகள் வந்தன. சில சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. ஒன்பது கன்றுகள் பேராக் மாநிலத்தின் கோலகங்சாருக்குப் போயின. அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் ஹியூ லோ அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார்.

அவற்றுள் ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் நில அலுவலகத்தின் அருகே நிற்கிறது. வேலி கட்டிப் பாதுகாத்து, அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கிறார்கள். ஈப்போ, தைப்பிங் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துப்போய் ஒருமுறை காட்டுங்கள். பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த நம் குடும்பங்களுக்கு அந்த மரம் ஒரு வகையில் பாட்டன் முறை!

‘பைத்தியக்கார’ ரிட்லி

மரம் வந்துவிட்டது. ஆனால் அதை நட ஆளில்லை! அப்போது வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் காப்பிமேல்தான் ஆசை. ஒரு மரத்தை நட்டுவிட்டு ஐந்தாறு வருடம் காத்திருப்பதாவது என்று சிரித்தார்கள்.

1888ஆம் ஆண்டில் ஹென்றி ரிட்லி என்ற தாவர அறிஞர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக வந்து சேர்ந்தார். அங்கே வளர்ந்திருந்த பால்மரங்களைக் கண்டதும் அவருக்கு அதுவே மூச்சாகிவிட்டது. எங்கே போனாலும் சட்டைப்பை நிறைய விதை. எதிரில் வரும் தோட்டக்காரரைப் பிடித்து நிறுத்தி, ‘இதை நடுங்கள்’ என்று கையில் திணிப்பார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள்.

அவர் செய்த பெரிய வேலை வேறு. மரத்தைக் கோடாரியால் கொத்தாமல், பட்டையைச் சாய்வாக மெல்லச் சீவினால், மறுநாள் அதே கோட்டின் கீழ்ப்பக்கம் ஒரு சீவல் எடுத்துப் பால் வாங்கலாம் என்று கண்டார். முதல் நாளைவிட அடுத்தடுத்த நாட்களில் பால் கூடுவதையும் கண்டார். விடியற்காலையில் அதிகம் வடிகிறது என்பதையும் அளந்து பார்த்தார். மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் தரும் வழி அவ்வாறு பிறந்தது.

அவருடைய பேச்சைக் கேட்டவர்களுள் முதன்மையானவர் ஒரு சீனர். மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான், ரிட்லியிடம் விதை வாங்கி 1896ஆம் ஆண்டளவில் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். அதே சமயத்தில் காப்பி விலை சரிந்தது. புழுவும் காப்பிச் செடியைத் தின்றது. சிரித்த துரைமார்கள் இப்போது விதைக்காக ரிட்லியின் வாசலில் நின்றார்கள்! 1897இல் சில நூறு ஏக்கராக இருந்த ரப்பர், 1910க்குள் ஐந்து லட்சம் ஏக்கரைத் தாண்டியது. அந்த ஆண்டு இலண்டன் சந்தையில் ஒரு பவுண்டு எடை ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது.

ரிட்லிக்கு நூறு வயதும் நிறைந்தது. 1956ஆம் ஆண்டில்தான் மறைந்தார்.

நீங்கள் செய்வதன் காரணம் என்ன?

தோட்டத்தில் வழிவழியாகச் செய்துவரும் சில காரியங்களுக்கு விஞ்ஞானம் சொல்லும் காரணத்தை இங்கே சொல்லிவிடுவோம்.

விடியற்காலையில் ஏன் வெட்டுகிறோம்? இரவில் மரம் வேர்வழியே உறிஞ்சிய நீர் உள்ளேயே நிறைந்திருக்கும். பால்குழாய்கள் விம்மி நிற்கும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போகும், குழாயின் அழுத்தம் குறையும், பாலும் குறையும்.

கோடு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது? பால்குழாய்கள் நேராக மேலே போவதில்லை. சற்று வலப்புறம் சாய்ந்து, மரத்தைச் சுற்றினாற்போல் ஏறுகின்றன. நாம் போடும் கோடு அவற்றைக் குறுக்கே வெட்டுவதால் அதிகக் குழாய்கள் திறக்கின்றன.

காயம் போட்டால் கங்காணியோ கிராணியோ ஏன் சத்தம் போட்டார்கள்? பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில் இருக்கின்றன. அதற்கும் கட்டைக்கும் நடுவே காகிதம்போல மெல்லிய ஓர் உயிர்ப்படலம் உண்டு. புதுப்பட்டை வளர்வது அதிலிருந்துதான். உளி அதைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. தொடாமல் நிறுத்திவிட்டாலோ, உள்ளே இருக்கும் நல்ல பால்குழாய்கள் திறப்பதில்லை.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அரைகுறை இருட்டில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில விநாடிகளே செலவிட்டு, உயிர்ப்படலத்துக்கு நூலிழை அளவு வெளியே உளியை நிறுத்த வேண்டும். சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று நூற்றுக்கணக்கான மரங்கள். ‘படிக்காத வேலை’ என்று யாராவது இதைச் சொன்னால், ஓர் உளியை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்!

பால் ஏன் தானாக நிற்கிறது? நம் உடம்பில் இரத்தம் உறைவதைப்போல, வெட்டுவாயில் பால் உறைந்து குழாயை அடைக்கிறது. மறுநாள் உரித்தெடுக்கும் கோட்டுப்பால் அதுதான்.

யாருடைய கை?

ரிட்லி வழி சொன்னார். ஆனால் ஐந்து லட்சம் ஏக்கர் காட்டை அழித்து, நட்டு, களையெடுத்து, வெட்டியது யார்?

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கிய நம் மூதாதையர்தாம் அவர்களுள் பெரும்பாலோர். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அந்த முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணிகள் ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தார்கள். கப்பலில் அம்மை, காலரா கண்டால் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் அடைத்து வைத்தார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுத்தது.

புதுக்காடு அழித்த இடங்களில் மலேரியா வாரிக்கொண்டு போனது. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டு முதல் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழித்துக் காட்டினார். அந்த முறை தோட்டங்களுக்குப் பரவுவதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரமாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஜப்பானியர் காலத்தில் தோட்டத்து ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் திரும்பாதவர் பல்லாயிரம்.

விக்காமின் பெயரும் ரிட்லியின் பெயரும் புத்தகத்தில் இருக்கின்றன. இவர்கள் பெயரை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

போர்டு கட்டிய பட்டணம்

1913ஆம் ஆண்டில் ஆசியத் தோட்ட ரப்பர், காட்டு ரப்பரை முந்திவிட்டது. மனாவ்ஸ் நகரம் களையிழந்தது. நாடக மாளிகை பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

அப்போதுதான் அமெரிக்காவின் கார் மன்னர் ஹென்றி போர்டு ஒரு திட்டம் போட்டார். ஆசியாவில் ஆங்கிலேயரிடம் ஏன் ரப்பர் வாங்க வேண்டும்? மரம் பிறந்த இடத்திலேயே தோட்டம் போட்டால் என்ன? தபஜோஸ் ஆற்றங்கரையில், விக்காம் விதை பொறுக்கிய அதே வட்டாரத்தில், 25 லட்சம் ஏக்கர் நிலம் பெற்றார். 1928ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், அமெரிக்க வீடுகள் எல்லாம் எழுந்தன. ‘போர்ட்லாண்டியா’ என்று பெயர்.

தொழிலாளர்கள் அமெரிக்கச் சாப்பாடு சாப்பிட வேண்டும், மது கூடாது, சங்கு ஊதினால் வர வேண்டும் என்று விதிகள். 1930ஆம் ஆண்டு டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் கலகம் மூண்டது. நேரம் பதியும் கடிகாரங்களை அடித்து நொறுக்கினார்கள். மேலாளர்கள் படகேறித் தப்பினார்கள்.

கலகம் அடங்கியது. ஆனால் அதைவிடப் பெரிய எதிரி மரத்தின்மேல் இருந்தது. தென் அமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சண நோய் அது. காட்டில் மரத்துக்கு மரம் வெகுதூரம் இருப்பதால் நோய் எளிதில் தாவ முடிவதில்லை. போர்டின் தோட்டத்தில் மரங்கள் கிளையோடு கிளை உரசி நின்றன. நோய்க்கு விருந்து வைத்தாற்போல் ஆயிற்று! இளந்தளிர்கள் கருகி உதிர்ந்தன. மறுபடி தளிர்த்தால் மறுபடியும் கருகின. 1934ஆம் ஆண்டில் பெல்டெர்ரா என்ற வேறிடத்தில் தொடங்கினார். அங்கும் அதே கதை. 1945ஆம் ஆண்டில் எல்லாவற்றையும் பிரேசில் அரசாங்கத்துக்கே விற்றுவிட்டு வெளியேறினார்கள். செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். கைக்கு வந்தது ஏறத்தாழ இரண்டரை லட்சம். போர்டு தம் பெயர் கொண்ட அந்தப் பட்டணத்தை ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை!

கடல் காத்த தோட்டம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு விடை தெரிகிறதல்லவா? பால்மரம் தாய்நாட்டைவிட்டு வந்தது. அதன் பகைவன் அங்கேயே தங்கிவிட்டான். பூஞ்சணம் முக்கியமாக இலையில் வாழ்வது. விக்காம் கொண்டுவந்ததோ விதை. கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் அது புதிதாக முளைத்து, மீண்டும் ஒரு கடலைத் தாண்டி இங்கு வந்தது. அதனால்தான் இங்கே மரத்தை நெருக்கி நட முடிந்தது. நிரை போட முடிந்தது. லயத்தில் குடும்பங்கள் பெருகின.

ஆனால் இந்தப் பாதுகாப்பு நிரந்தரமா? ஆசியாவின் பால்மரங்களில் மிகப் பெரும்பாலானவை அன்று முளைத்த அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். எல்லாரும் பங்காளிகள்! ஒருவரைத் தாக்கும் நோய் மற்றவரையும் தாக்கும். ஆகவே 1956ஆம் ஆண்டில் இந்த வட்டார நாடுகள் செய்துகொண்ட பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்த ஒரு நோய்க்கென்றே தனி விதி எழுதினார்கள். தென் அமெரிக்காவிலிருந்து செடி, விதை, மண் எதையும் கேட்காமல் கொண்டுவரக் கூடாது என்றது அந்த விதி.

1981ஆம் ஆண்டில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. பல நாட்டு விஞ்ஞானிகள் அமேசான் காட்டுக்குப் போய், 60,000க்கும் மேற்பட்ட விதைகளைச் சேகரித்தார்கள். இந்த முறை பிரேசில் அரசாங்கத்தின் அனுமதியோடு! அந்நாட்டுக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டே மலேசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். புது இரத்தம் சேர்த்தால் நாளை நோயைத் தாங்கும் மரம் பிறக்கலாம் அல்லவா?

இலைக்கருகல் இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டு முதல் இந்தோனேசியாவில் வேறோர் இலையுதிர் நோய் பரவி, மலேசியாவுக்கும் வந்திருக்கிறது. சிறு தோட்டக்காரர்கள் அதனால் பால் குறைந்து தவிக்கிறார்கள். சோதனைச்சாலை ரப்பர் வந்த பிறகும் இயற்கை ரப்பருக்கு வேலை போகவில்லை. விமானம் தரையிறங்கும் டயருக்கும், லாரி டயருக்கும், மருத்துவரின் கையுறைக்கும் இன்றும் மரத்துப் பால் வேண்டும்.

வாசகர்களே! உங்கள் வீட்டில் பழைய உளி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கலாம். பரணில் ஒரு மங்கு கவிழ்ந்திருக்கலாம். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றைக் கையில் பிடித்த பெரியவர்கள் இன்னும் உங்களோடு இருந்தால், எந்தத் தோட்டம், எத்தனை மரம், எந்தக் கப்பல், எந்த ஊர் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகள் கையெழுத்தில் எழுதினால் இன்னும் நல்லது. விக்காமைப் பற்றியும் ரிட்லியைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் பாட்டியைப் பற்றி எழுத உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?